மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறதே, டாக்டர்!

கேள்வி: எனக்கு 29 வயது. இப்போது கர்ப்பத்தின் 26-வது வாரம். போன வருடம் பத்தாவது வாரத்தில் ஒரு கரு கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை தெரிந்த நாளிலிருந்தே பயம்தான். ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் இது போகவில்லை. ஆபீஸ் தோழி சொன்னாள் என்று ஒரு மைண்ட்ஃபுல்னஸ் (மனக்கவனப் பயிற்சி) செயலியைப் போட்டு, ஒரு வருடச் சந்தாவும் கட்டிவிட்டேன். ஆரம்பத்தில் இதமாக இருந்தது. இப்போது ‘மூச்சைக் கவனியுங்கள், ஆழமாக இழுத்து விடுங்கள்’ என்றதும் மூச்சு முட்டுகிறது. விரல் நுனி மரத்துப்போகிறது. பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு நாள் விட்டுவிட்டால் ‘உங்கள் தொடர் அறுந்துவிட்டது’ என்று காட்டுகிறது. அதற்கும் அழுகை வருகிறது. மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அப்புறம் தூக்கமே இல்லை. வளைகாப்புக்குப் புடவை எடுக்கக்கூட மனம் வரவில்லை. கணவருக்கு பெங்களூரில் வேலை; வார இறுதியில்தான் வருவார். ‘அந்த ஆப்ல சொல்றதை ஒழுங்கா பண்ணு, சரியாயிடும்’ என்கிறார். மாமியாரோ, ‘காதுல அதை மாட்டிக்கிட்டுப் படுத்தா குழந்தைக்கு ஆகாது’ என்கிறார். நான் இப்படிப் பதறுவது குழந்தையைப் பாதிக்குமா? செயலியைத் தொடரட்டுமா, நிறுத்திவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். செயலியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இப்போது செய்கிற விதத்தில் தொடர வேண்டாம். அதைவிட முக்கியம், அடுத்த வாரத்துக்குள் நீங்கள் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். செயலியை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் இந்த வேலையை அது செய்து தராது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மூச்சு முட்டல். உங்களுக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லவே இல்லை. கர்ப்ப காலத்தில் மூச்சின் கணக்கே மாறிவிடுகிறது. புரோஜெஸ்டிரான் ஹார்மோன், மூளையில் சுவாசத்தை நடத்தும் பகுதியைத் தூண்டிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் முன்பைவிட அதிகக் காற்று உள்ளே போகிறது. கர்ப்பப்பை பெரிதாகப் பெரிதாக, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு மற்றவர்களுக்கு 40 என்றால், கர்ப்பிணிகளுக்கு 30-ஐ ஒட்டி இருக்கும். இதெல்லாம் இயல்புதான், குழந்தையின் உடலிலிருந்து கழிவுக் காற்று தாயின் ரத்தத்துக்கு வந்து சேர இது உதவுகிறது. நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்கும் இது ஒரு காரணம்.

இப்படி ஏற்கெனவே கூடுதலாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம், ‘ஆழமாக இழுங்கள், இன்னும் ஆழமாக’ என்று பத்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறங்கும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். தலை லேசாகச் சுற்றும். காற்று போதவில்லை என்று தோன்றும், அதனால் இன்னும் வேகமாக இழுப்போம். மனம் இதைப் பார்த்து ‘ஏதோ ஆபத்து’ என்று முடிவு கட்டிவிடும். ஒரு கருவை இழந்த மனம் என்றால் அந்த முடிவுக்கு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாகப் பதிவு செய்யப்பட்ட குரல் அது. கேட்பவர் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை இருப்பது அதற்குத் தெரியாது.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சு வாங்குவதையும் படபடப்பையும் மனதின் கணக்கில் எழுதுவதற்கு முன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அது இருந்தாலும் இதே படபடப்பு வரும், இதே சோர்வு வரும். தைராய்டு சுரப்பு கூடினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்கள் ஃபைலில் கடைசியாக எப்போது இவை பார்க்கப்பட்டன என்று பாருங்கள். பழைய ரிப்போர்ட் என்றால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கண் மங்குவது, விடாத தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, ரத்தப்போக்கு – இவற்றில் எது வந்தாலும் தியானம் செய்து பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. உடனே மருத்துவமனை.

அப்படியானால் எதைக் கவனிப்பது? மைண்ட்ஃபுல்னஸ் என்றால் மூச்சுதான் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. மனம் நாளைக்கும் நேற்றைக்கும் ஓடும்போது, இப்போது இங்கே இருக்கிற ஏதாவது ஒன்றுக்கு அதைத் திரும்பக் கூட்டி வருவதுதான் பயிற்சி. பாதங்கள் போதும். காதில் விழும் சத்தம் போதும். கர்ப்பிணிகளுக்கு நான் பாதத்தையே முதலில் சொல்வேன். வயிறு, நெஞ்சு இரண்டிலிருந்தும் தள்ளி இருப்பதால் அங்கே பயம் குறைவு.

இன்னொரு யோசனை. உங்கள் செயலியின் குரல் ஆங்கிலம்தானே? ஆங்கிலத்தில் வேலை பார்ப்பது வேறு. மூன்று மணிக்குப் பயந்து எழும்போது தாய்மொழியில் ஒரு குரல் கேட்பது வேறு. உங்கள் கணவரிடம் சொல்லி, ஃபோனில் மூன்று நிமிடம் பதிவு செய்து வாங்குங்கள். வார நாட்களில் அவர் உங்களோடு இருக்க முடியாத குறைக்கு இது கொஞ்சம் ஈடு கொடுக்கும். இப்படிப் பேசினால் போதும், அவசரமில்லாமல், நடுநடுவே இடைவெளி விட்டு:

“நாற்காலியில நல்லா சாஞ்சு உட்காரு. ரெண்டு காலும் தரையில இருக்கட்டும், செருப்பு வேண்டாம். தரை சில்லுன்னு இருக்கா, வெதுவெதுப்பா இருக்கான்னு பாரு… குதிகால் எங்கே அழுந்துது… விரல் ஒவ்வொண்ணும் தரையைத் தொடுதா… காலைக் கொஞ்சம் அழுத்திட்டு விடு… இப்போ காது. பக்கத்துல என்ன சத்தம் கேட்குது? ஃபேனா? அதையும் தாண்டி, தெருவுல? நல்ல சத்தம், கெட்ட சத்தம்னு பார்க்க வேண்டாம், கேட்டா மட்டும் போதும்… நடுவுல நினைப்பு எங்கேயாவது போயிருக்கும். போகட்டும். ‘பயம் வந்திருக்கு’ன்னு மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிட்டு, மறுபடி காலுக்கு வா… மூச்சை ஒண்ணும் பண்ண வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்…”

கண்ணை மூட வேண்டிய அவசியமில்லை. கண்ணை மூடினால் பழைய ஆஸ்பத்திரி அறை வந்து நிற்கிறது என்று கரு கலைந்த பெண்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். திறந்தே வைத்துக்கொண்டு தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள். மகப்பேறு ஓ.பி.யில் டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதும் இதைச் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அழுகை கூடினால், மரத்துப்போவது போல் இருந்தால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். பயிற்சியைப் பாதியில் நிறுத்துவது தோல்வி ஆகாது.

செயலியிலேயே தொடர விரும்பினால் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மல்லாந்து படுங்கள்’ என்று தொடங்கும் நீண்ட பயிற்சிகளை இனி ஒருக்களித்துப் படுத்தே செய்யுங்கள், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டு. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்தே படுக்கச் சொல்வது இதனால்தான். நடுவில் விழித்துப் பார்த்து மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். மூச்சைப் பிடித்து நிறுத்தும் பயிற்சிகள், வேகமாக மூச்சு விடும் பயிற்சிகள் இரண்டும் இப்போது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, அந்த ‘தொடர்’ கணக்கு. அறிவிப்புகளை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். தினமும் நம்மை உள்ளே வர வைப்பதற்காகச் செயலி செய்பவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது, உங்கள் மனநிலையை அளப்பதற்கு வைத்ததில்லை. 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை ஆராய்ந்து 2019-ல் வந்த ஒரு கட்டுரையில், சராசரிச் செயலி ஒன்றை இறக்கியவர்களில் 30 நாள் கழித்து அதைத் திறந்தவர்கள் 100-க்கு 3 அல்லது 4 பேர்தான். ஒரு நாள் விட்டதற்காக நீங்கள் அழுதீர்கள் என்று படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆறுதலுக்காகப் போட்ட ஒன்று, கையில் பிரம்போடு நிற்கும் வாத்தியார் போல ஆகிவிடக் கூடாது.

இந்தப் பயிற்சி கர்ப்ப காலத்தில் உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்டால், தரும். ஆனால் எந்த வடிவத்தில் என்பதைப் பார்க்க வேண்டும். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் தொடங்கிய வகுப்பிலிருந்துதான் மருத்துவத்துக்குள் இது பரவலாக வந்தது. அதிலிருந்து மனச்சோர்வுக்கான எட்டு வாரச் சிகிச்சை ஒன்று உருவாகி, கர்ப்பிணிகளுக்கு ஏற்பவும் மாற்றப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் சோனா டிமிட்ஜியன் குழு, முன்பு மனச்சோர்வு வந்த 86 கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. வகுப்புக்குப் போனவர்களில் அது 18 சதவீதம்தான். நல்ல பலன். ஆனால் அது வகுப்பு. ஒரு ஆசிரியர் இருந்தார், சக கர்ப்பிணிகள் இருந்தார்கள். ‘மூச்சைக் கவனித்தால் பயமாக இருக்கிறது’ என்று ஒருத்தி கையைத் தூக்கியிருந்தால், ‘சரி, மூச்சை விடுங்கள், காலைக் கவனியுங்கள்’ என்று சொல்ல ஆள் இருந்தது. செயலிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த வகுப்புகளின் பெயரைத்தான் கடன் வாங்குகின்றன. செயலிகளை வைத்தே கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளும் இருக்கின்றன. மன அழுத்தமும் படபடப்பும் ஓரளவு குறைவதாக அவற்றில் சில காட்டுகின்றன. லேசான கவலை இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். உங்களுக்கு அது மட்டும் போதும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

காரணம், உங்கள் கடிதத்தின் பின்பாதி. மூன்று வாரமாக மூன்று மணி விழிப்பு, அதற்கப்புறம் தூக்கமில்லை. ஆசைப்பட வேண்டிய விஷயத்தில் மனம் ஒட்டவில்லை. சின்ன விஷயத்துக்கு அழுகை. கடிதத்தை வைத்து நோயைச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் மனம் சோர்ந்திருப்பதோ எதிலும் பிடிப்பில்லாமல் போவதோ நாளின் பெரும்பகுதி இருந்து, இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதைப் பரிசோதிக்க வேண்டும். மருத்துவத்தில் இது பொது விதி. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. நீங்கள் தனி ஆளும் இல்லை. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 100-க்கு ஏறக்குறைய 16 பேருக்கும், பிரசவித்தவர்களில் 20 பேருக்கும் மனநலப் பிரச்சினை, முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. செக்-அப்புக்குப் போகும் வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களில் யாரோ ஒருவர் இதே பாரத்தோடு நிற்கிறார்.

அந்த வரிசையில் எடை பார்க்கிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். ‘மனசு எப்படி இருக்கும்மா?’ என்று கேட்பது அபூர்வம். உங்கள் செயலியும் பேசுகிறதே தவிர, நீங்கள் சொல்வதைக் கேட்டு, அதை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. கேட்பதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987-ல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல். பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்பதை மட்டும் கேட்கும். சிரிக்க முடிந்ததா, வரப்போகிற விஷயங்களை ஆவலோடு எதிர்பார்த்தீர்களா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொன்னீர்களா, தூங்க முடியாத அளவுக்கு வருத்தமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பொதுவாக 13-ம் அதற்கு மேலும் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். தமிழிலும் இருக்கிறது. போகிற இடத்தில் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

அதில் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ தவிர வேறு பதில் வந்தால் அன்றே பேச வேண்டும். நீங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. எழுதத் தயங்கியிருந்தால் அதற்காகவும் சொல்லி வைக்கிறேன்: அப்படி ஓர் எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் அது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். மூன்று மணி விழிப்பு தாங்க முடியாத ராத்திரியிலும் கூப்பிடலாம், உயிருக்கு ஆபத்து என்றால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை.

ஓ.பி.யில் கூட்டம், டாக்டர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடும் என்பீர்கள். ஒரு சின்னத் தாளில் எழுதி ஃபைலின் மேலே வைத்து நீட்டுங்கள். ‘மூன்று வாரமாக 3 மணிக்கு விழிப்பு. எதிலும் ஆர்வமில்லை. அடிக்கடி அழுகை, படபடப்பு. போன வருடம் கரு கலைந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.’ இவ்வளவு போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். போனால் உடனே மாத்திரைதான் என்று பயப்பட வேண்டாம். பல பேருக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கும். மாத்திரை தேவைப்பட்டால், கர்ப்ப காலத்தில் நீண்ட நாளாகப் பயன்பாட்டில் இருக்கும் செர்ட்ரலின் போன்றவை இருக்கின்றன. நன்மை தீமை இரண்டையும் உங்களோடு பேசித்தான் முடிவெடுப்பார்கள். (ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இதைப் படிப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்த வேண்டாம். கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதையும் தாங்களாக நிறுத்தக் கூடாது.)

ஆள் வந்து உட்கார்ந்து பேசுவதற்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆதிப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர், நம் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் போலக் களப்பணி செய்யும் சாதாரணப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய், முறைப்படி பேசினார்கள். 2008-ல் வந்த முடிவு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மீதமிருந்தது. வீட்டுக்கு வந்தாலும் இந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் பார்த்த பெண்களில் அது 53 சதவீதம். மனநல நிபுணர்கூட இல்லை. வந்து, கேட்டு, அடுத்த வாரமும் வந்து கேட்ட ஒருவர். பின்னாளில் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைக் கையேடாக வெளியிட்டது.

பாத்ரூமில் ரத்தம் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை எழுத உங்களுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று தெரியும். கரு கலைந்து மறுபடி கர்ப்பமான பெண்களிடம் நான் கேட்டால், முக்கால்வாசிப் பேர் தலையாட்டுவார்கள். யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு, ஏறக்குறைய எட்டில் ஒன்று கலைகிறது. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் பாதியோ அதற்கு மேலோ கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பவை. நீங்கள் பஸ்ஸில் போனதாலோ, பப்பாளி தின்றதாலோ, கவலைப்பட்டதாலோ நடந்ததில்லை.

இந்தச் சோதிப்பை ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். பார்ப்பதற்காகவே எழுந்து போவதை மட்டும் முதலில் குறையுங்கள். ‘போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று மனம் தள்ளும்போது, பாதப் பயிற்சியைச் செய்யுங்கள். அந்த உந்துதல் ஏறும், கொஞ்ச நேரம் உச்சத்தில் நிற்கும், பிறகு தானாகவே இறங்கும். இறங்குவதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் சுலபம். மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி உங்களுக்கு உண்மையாக உதவக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன், பத்து நிமிட உட்காரலைவிட. மனநல ஆலோசகரோடு சேர்ந்து செய்தால் இன்னும் வேகமாகக் குறையும்.

நீங்கள் பதறுவது குழந்தையைப் பாதிக்குமா? ஒரு ராத்திரி அழுததால், ஸ்கேனுக்கு முந்தின நாள் நெஞ்சு அடித்துக்கொண்டதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் கவனிக்காமல் விடப்பட்ட கடுமையான மனச்சோர்வுக்கும் குறைமாதப் பிரசவம், எடை குறைவு போன்றவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சோர்ந்தவர் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, செக்-அப்பைத் தள்ளிப்போடுகிறார்; அதுவும் இதில் ஒரு பங்கு. இதைச் சொல்வது சிகிச்சைக்குப் போகச் சொல்வதற்காக மட்டும்தான். ‘குழந்தைக்காகவாவது சந்தோஷமாக இரு’ என்று யாராவது சொன்னால் அதை உள்ளே எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தோஷமாக இருப்பது கர்ப்பிணியின் கடமைப் பட்டியலில் இல்லை. இந்தப் பயிற்சியும் குழந்தைக்காக இல்லை, உங்களுக்காக.

மாமியார் சொன்னது பற்றி: மிதமான சத்தத்தில் இயர்போனில் கேட்பதால் குழந்தைக்குத் தீங்கு என்பதற்கு ஆதாரம் இல்லை. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். சாயங்காலம் அவரோடு மெதுவாக நடந்து வருவதும் நல்ல பயிற்சிதான்.

செயலியில் கடைசி மாதவிலக்குத் தேதி, பிரசவத் தேதி, கரு கலைந்த விவரம், தினசரி மனநிலைக் குறிப்பு இதெல்லாம் கேட்டால் நிரப்பாதீர்கள். மோசில்லா அறக்கட்டளை 2022-ல் 32 மனநல, பிரார்த்தனைச் செயலிகளை ஆராய்ந்து, 28-க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது. மறு வருடம் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம், பயனாளர்களின் விவரங்களை ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்கு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டில், அமெரிக்க அரசு அமைப்போடு 78 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மனதில் இருப்பதை எழுத வேண்டும்போல இருந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. இந்தப் பகுதியை அவரிடம் அப்படியே காட்டுங்கள்.

தம்பி, ‘ஒழுங்கா பண்ணு, சரியாயிடும்’ என்று நீங்கள் சொன்னது அக்கறையில்தான் என்று புரிகிறது. ஆனால் அதைக் கேட்பவருக்கு, சரியாகவில்லை என்றால் தவறு தன்னுடையது என்றுதான் பொருளாகிறது. அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இன்னைக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்தது?’ பதில் வந்ததும் தீர்வு சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். மனநல மருத்துவரிடம் முதல் முறை போகும்போது ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே போங்கள். அங்கே உங்கள் மனைவி தனியாகப் பேச விரும்பினால் வெளியே உட்காருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு நடக்கும். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகாவிட்டால் மறுபடி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆனால், தூக்கமே தேவையில்லை என்பது போல இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விசித்திரமாகச் சந்தேகப்படுவது, திடீரென்று ஆளே மாறிப் பேசுவது – இப்படி ஏதாவது தெரிந்தால் அது அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும். ‘காத்துக் கருப்பு’ என்று நாளைக் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது.

மனச்சோர்வு கூடாமல் தடுக்க வீட்டில் செய்யக்கூடியவற்றில் பெரியது தூக்கம். ராத்திரியில் நான்கைந்து மணி நேரமாவது தாய் ஒரே மூச்சாகத் தூங்க வேண்டும். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும், ஏப்பம் விட வைக்க, துணி மாற்ற, தோளில் போட்டு நடக்க. நடுவில் ஒரு வேளைக்குப் பீய்ச்சி வைத்த பாலைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த ஆள் யார், சனி ஞாயிறு யார் என்பதை ஒன்பதாம் மாதத்துக்குள் உங்கள் அம்மா, மாமியார், நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.